எங்கள் வீட்டு மேனேஜரின் பொறுமை

என் கணவரின் பொறுமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் ஊர்ப் பையன்களுக்குச் சாப்பாடுகூட வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பொறுமைக்குச் சோறு வடித்துப் போடுகிறவள் நான். ஆனால் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய ஊர் எங்களுடையது. இவருக்கு ரயில்வே கேட்டில் வேலை. கேட் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் ஹாரன் காதைக் கிழிக்கும். கல்யாண வீட்டுக்காரன் திட்டுவான், மீன் வண்டிக்காரன் ஐஸ் உருகுகிறது என்று கத்துவான். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்பார். ரயில் போன பிறகுதான் கேட் திறக்கும். அது வேலை, அப்படித்தான் இருக்க வேண்டும். ரயிலே வராத இடங்களிலும் இவர் அப்படியே நிற்பதுதான் என் பிரச்சினை.

ஊரில் ஒரு செவன்ஸ் குழு உண்டு. அறுவடை முடிந்த வயலில் பக்கத்துக்கு ஏழு பேராக ஆடுகிற கால்பந்து. பழைய மேனேஜர் துபாய்க்குப் போனதும் அந்த இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. சாயங்காலம் வரப்பில் நின்று ஆட்டம் பார்க்கிறவர், யாரையும் குறை சொல்லாதவர் என்ற தகுதியில் இவரைப் பிடித்துப் போட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே பாதி நேரத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டு, பையன்கள் மூச்சிரைக்க ஓடி வந்து இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். இவர் சட்டைப் பையிலிருந்து ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கிற நாரங்கா மிட்டாயை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, "பாப்போம்" என்றாராம். அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் கேப்டன் பையன் தொண்டை கிழியக் கத்தி எல்லோரையும் ஓட வைத்து மூன்று கோல் போட்டார்கள். கத்தியவனை ஊர் மறந்துவிட்டது. மிட்டாய் கொடுத்தவர் மேதை ஆகிவிட்டார்.

அதிலிருந்து சாயாக்கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் இவர் முகத்தைப் பற்றிய ஆராய்ச்சிதான். கோல் விழுந்தபோது அண்ணன் கண் சிமிட்டவில்லை, அது எதிரணியைக் குழப்புகிற உத்தி. ரெஃப்ரி தப்பாக விசில் ஊதியபோது அண்ணன் வானத்தைப் பார்த்தார், அது பையன்களுக்குக் காட்டிய சைகை. அன்றைக்கு நெல் காயப்போட்டிருக்கிறது, மழை வந்தால் ஓடி வாருங்கள் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அதைச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? இவர் சும்மா நிற்பதை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, பின்னால் இசை சேர்த்து ஒரு ரீல் போட்டார்கள். அது காட்டாக்கடை வரைக்கும் போய், அங்கிருந்து என் சொந்தக்காரி ஒருத்தி கூப்பிட்டு, இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றாள். அவள் கையில் போன் இருந்தது, என் கையில் நான் பத்து தடவை சொல்லியும் இவர் மாட்டாத குழாய் இருந்தது.

பிறகு இந்த வியாதி மற்ற வீடுகளுக்கும் பரவியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பகுதிப் பெண்கள் கூடுகிற அயல்கூட்டத்தில் ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். ஒருத்தியின் மகன் கேஸ் சிலிண்டர் தூக்கச் சொன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தைப் பார்க்கிறான். இன்னொருத்தியின் வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது என்றால் "பாப்போம்" என்கிறார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மாமியார் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டபோது, புருஷன் வாசலில் நின்று மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தானாம். பிறகு கேட்டதற்கு, "இது அண்ணனுக்க ஸ்டைலாக்கும்" என்றானாம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், இதை நான்தான் வீட்டில் காய்ச்சி ஊருக்கு ஊற்றுகிறேன் என்பதுபோல.

இதையெல்லாம் நானும் சிரித்துத்தான் கழித்தேன், எங்கள் வழிக்கு ஆபத்து வரும்வரை.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. ரோட்டிலிருந்து இவருடைய அண்ணனின் வீட்டு மனையை, எங்கள் பேச்சில் புரையிடத்தை, ஒட்டி ஒரு வழி சரிந்து வரும், ஆட்டோ வீட்டு வாசல் வரைக்கும் வரும். பாகம் பிரித்தபோது மாமனார் இந்த அகலம் தம்பிக்கு வண்டி வர என்று ஊர்க்காரர்கள் பார்க்க நடந்து காட்டிய வழி. அந்த அண்ணனுக்கு, அதாவது என் அத்தானுக்கு, திடீரென்று மதில் கட்ட ஆசை வந்தது. கயிறு பிடித்துக் குச்சி நட்டபோது பார்த்தேன், ஒரு ஆள் குடை விரித்து நடக்கலாம், அதற்கு மேல் ஒன்றும் வராது. இந்த அத்தான்தான் செவன்ஸ் குழுவுக்குப் பணம் கொடுத்துத் தாங்குகிற ரட்சாதிகாரி. தம்பியின் பொறுமையை ஊரில் எல்லோரையும்விட அதிகமாகப் புகழ்கிறவரும் அவர்தான்.

நாகர்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் அப்போது தலைப்பிள்ளைக்கு உண்டாகியிருந்தாள். இடையில் உதிரம் கண்டதால் அதிகம் நடக்கக்கூடாது, மேடு பள்ளம் ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு வர நாள் குறித்தாயிற்று. வாசல் வரைக்கும் வண்டி வராவிட்டால் அவளை எப்படி இறக்குவது, ராத்திரி வலி எடுத்தால் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது? எனக்குத் தூக்கம் போயிற்று. அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன், திட்டினேன், சோறு போடாமலும் பார்த்தேன். "பாப்போம்" என்றார். பசித்தபோதும் அதையேதான் சொன்னார்.

செவன்ஸ் இறுதி ஆட்டத்தன்று காலையில் கொத்தனார் ஆட்களோடு வந்து வழியில் மதிலின் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தார். இவர் பல் தேய்த்துவிட்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தோண்டுவதைப் பார்த்தபடி நின்றார். அந்த நேரம் பார்த்து, மேனேஜரை மைதானத்துக்குக் கூட்டிப்போகப் பையன்கள் பைக்குகளில் வந்து இறங்கினார்கள். வண்டியைக் குழிக்கு அந்தப் பக்கமே நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்கள் குழியைப் பார்த்தார்கள், இவரைப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் பக்தி பொங்கியது.

"கண்டியாலே" என்றான் ஒருவன் அடக்கமான குரலில். "சொந்த வழியத் தோண்டுகானுவ. முகத்துல வல்ல மாத்தமும் உண்டா?"

இன்னொருவன் அதைப் படம் பிடித்தான். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆட்டத்தில் ஜெயித்துவிட்டார்கள். எதிரணி மேனேஜர் ரெஃப்ரியிடம் சண்டைக்குப் போய், அவரைப் பிடித்து இழுக்க அவருடைய பையன்கள் பாதிப் பேர் ஓடியபோது நம் பையன்கள் கோல் போட்டார்களாம். அதுவும் அண்ணனின் கணக்கில் சேர்ந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் வாசகசாலை முற்றத்தில் பாராட்டுக் கூட்டம். அத்தான்தான் இவருக்குப் பொன்னாடை போர்த்தினார். மைக்கைப் பிடித்து, எனக்க தம்பி பிறந்தது முதல் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை என்று கண் கலங்கினார். "கோபப்படுகவன் அப்பவே தோத்தாச்சு. இத இவனக் கண்டாக்கும் நாம படிக்கணும்" என்றார். கைதட்டல். படிக்க வேண்டிய பாடத்தில் அவருக்கு ஒரு வழியே லாபம் என்பது எனக்கு மட்டும் உறைத்தது.

எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பாராட்டப்படுகிறவரின் வீட்டாரையும் மேடைக்கு ஏற்றி இரண்டு வார்த்தை பேசச் சொல்வது வழக்கம். பெரும்பாலும் வீட்டுக்காரிகள் எல்லாவருக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு முந்தானையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றேன். "எனக்க மக வயித்துப் பிள்ளையோட வெள்ளியாழ்ச்ச வாறா. நடக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வழியில வானம் வெட்டிப் போட்டிருக்கு. ஆட்டோவ எங்க நிறுத்தணும்னு உங்க மேனேஜர்ட்ட கேட்டுச் சொல்லுங்க."

அத்தான் வேட்டியின் கரையைச் சரி செய்தார். குழுவின் செயலாளர் பையன், பாவம், மைக்கை இவரிடம் நீட்டினான். இவர் மைக்கைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி நான் நம்பினேன்.

"பாப்போம்" என்றார்.

விசில் பறந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார்கள். எனக்கு அந்த மேடையிலிருந்தே ரயிலுக்கு முன்னால் போய் நிற்கலாம் போலிருந்தது, அதற்கும் இவர் கேட்டை ஒழுங்காகச் சாத்தியிருப்பார்.

மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போனார். அத்தான் மதிலுக்குக் கருங்கல் ஏற்பாடு செய்யக் கள்ளிக்காடு பக்கம் போயிருந்தார். நான் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வழியில் இறங்கினேன். வெட்டிப்போட்ட மண் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சிலிண்டர்காரி வந்தாள், பிறகு கூரை ஒழுகுகிறவள், பிறகு அந்தப் புதுப்பெண் ஒரு சட்டியோடு. நான் யாரையும் கூப்பிடவில்லை. உச்சிக்கு முன்னால் குழி இருந்த இடம் தெரியவில்லை.

அத்தான் வந்து இறங்கியபோது வழியில் கூட்டம் கூடிவிட்டது. பையன்களும் இருந்தார்கள். "ஆரு சொல்லி மண்ணத் தள்ளினிய?" என்று அவர் போட்ட சத்தம் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். என் வாயில் எத்தனையோ வந்தது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்தது கொஞ்சமா? எல்லாவற்றையும் விழுங்கினேன். மம்பட்டியைச் சாய்த்து வைத்தேன், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், அவர் தலைக்கு மேல் தெரிந்த ரப்பர் மரங்களைப் பார்த்தபடி நின்றேன்.

"பாப்போம் அத்தான்" என்றேன்.

அவர் இன்னும் கத்தினார். கத்தக் கத்தப் பையன்களின் போன்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கோபப்படுகிறவன் தோற்றவன் என்று முந்தின நாள் மைக்கில் சொன்னவர் அவர்தான், அதுவும் எல்லோருடைய போனிலும் இருந்தது. அது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனார். கருங்கல் லாரி வரவில்லை.

சாயங்காலம் இவர் ஸ்கூட்டரில் வாசல் வரைக்கும் வந்து இறங்கினார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, நிரப்பிய மண்ணில் தண்ணீர் தெளித்து, ஒரு தடியால் இருட்டும்வரை இடித்து இறுக்கினார். ஆட்டோ டயர் புதையக்கூடாதல்லவா. அதைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் குறையவும் செய்தது.

வெள்ளிக்கிழமை மகள் வாசலில் வந்து இறங்கினாள். அதே வாரம் வழியின் தலைப்பில் ஒரு ஃபிளக்ஸ் முளைத்தது. இவர் கை கட்டி நிற்கிற படம். ஒரு சொல்கூடப் பேசாமல் வழியை மீட்ட பொறுமையின் நாயகன் என்று கீழே எழுத்து. பெண்களை இறக்கிவிட்டுத் தான் மறைந்து நின்றது அண்ணனின் உச்சகட்ட உத்தி என்று சாயாக்கடையில் முடிவாகியிருந்தது. நான் அதை அவிழ்த்துக் கொண்டுவந்து, படம் மேலே தெரிகிற மாதிரி விறகை மூடினேன்.

பேத்தி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று பையன்கள் கூட்டமாகப் பார்க்க வந்தார்கள். பிள்ளை பசியில் கை காலை உதைத்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பையன்களின் முகம் வாடிப்போயிற்று.

"பிள்ளைக்கு அண்ணனுக்க பொறுமை வந்திட்டில்லியே அக்கா" என்றான் கேப்டன் பையன், மிகவும் வருத்தத்தோடு.

நான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். "கூவு மக்களே" என்றேன் அதன் காதோரம். "நல்லாக் கூவு."