சிங்காரியை ஏற்றிய லாரி

டாக்டர் ஜெயசீலிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். ஊரப்பாக்கத்து வீட்டில் கணவர் தேவானந்தமும் சரி, வேலை பார்த்த இடத்தில் மற்றவர்களும் சரி, அந்த இறங்கிய குரலுக்குத்தான் பயப்படுவார்கள்.

மேடவாக்கத்துக்குத் தெற்கே ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய விலங்குப் பூங்காவுக்கு அவர்தான் மருத்துவர். ஞாயிறுதோறும் நாவலூர் அடுக்குமாடிகளிலிருந்து கார்கள் வந்து குவியும். முதலைக்கும் மயிலுக்கும் முன்னால் கூட்டம் முண்டியடிக்கும். கழுதைப்புலிகள் இருந்த அடைப்பை மட்டும் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுவார்கள். அங்கே சிங்காரி, மாயன் என்று ஒரு ஜோடி இருந்தது. குட்டிகளாக வந்து சேர்ந்தவை. ஒன்று நிழலுக்குப் போனால் மற்றதும் போய் முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

மே மாதத் தொடக்கத்தில் இயக்குநர் ஸ்ரீவத்சன் கூட்டம் போட்டார். வடக்கே ஒரு பூங்கா ஒரு ஜோடி வரிக்குதிரை தரச் சம்மதித்திருக்கிறது, பதிலுக்குப் பெண் கழுதைப்புலி வேண்டுமாம். விடுமுறை முடிவதற்குள் வரிக்குதிரை வந்தாக வேண்டும் என்றார். ஜெயசீலி மறுத்தார். அனுப்புவதென்றால் இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள், அதுவும் இந்த வெயிலில் வேண்டாம் என்றார்.

“டாக்டர், கழுதைப்புலிய பார்க்கறதுக்கு யாராவது டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்களா?”

“அது டிக்கெட் விக்கறதுக்குப் பொறக்கல சார்.”

ஸ்ரீவத்சன் சிரித்தார். யோசித்துச் சொல்வதாகக் கூட்டத்தை முடித்தார்.

அவர் யோசித்தது வேறு. அடுத்த ஞாயிறு காலை, ஜெயசீலி தாம்பரத்தில் தேவாலய ஆராதனையில் இருந்த நேரம் பார்த்து சிங்காரியை லாரியில் ஏற்றிவிட்டார்கள். உடல்நலம் சரியாக இருக்கிறது என்று சொல்ல, நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவரை வெளியிலிருந்து பிடித்திருந்தார்கள். அவர் கூண்டின் பக்கத்தில்கூட வரவில்லை. ஆராதனை முடிந்து ஜெயசீலி கைப்பேசியை எடுத்தபோது, விலங்குகளைப் பராமரிக்கும் தினகரன் பலமுறை அழைத்திருந்தது தெரிந்தது. துணைக்கு அவரையும் லாரியில் அனுப்பியிருந்தார்கள்.

“டாக்டரம்மா, பொட்டில காத்தே பூரல. நாக்க தொங்கப் போட்டுகினு கீது. தண்ணி வச்சா தொட மாட்டேங்குது. டிரைவரு நிறுத்த மாட்டேன்றாரு.”

“எங்க இருக்கீங்க?”

வெளிவட்டச் சாலையில் ஏறி வெகுதூரம் வந்துவிட்டதாகச் சொன்னார்.

“நிழல் பார்த்து நிறுத்தச் சொல்லுங்க. அது செத்துப்போனா மொதல்ல அவர் பேரத்தான் போலீஸ்ல சொல்வேன்னு சொல்லுங்க.”

தேவானந்தம் பாதிரியாரோடு பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லக்கூட நிற்காமல் காரை எடுத்தார் ஜெயசீலி. மருந்துப்பெட்டி எப்போதும் காரில்தான் இருக்கும். வழியில் ஒரு கடையில் ஐஸ் கட்டிகளை வாங்கிப் போட்டுக்கொண்டார். யோசிப்பதாகப் பேச்சுக்குச் சொல்லிவிட்டு, தான் ஜெபிக்கும் நேரத்தைத் திருட்டுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவரை எரித்தது.

லாரி ஒரு மேம்பாலத்தின் அடியில் நின்றிருந்தது. பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜெயசீலி மேலே ஏறினார். தகரம் அடித்த பெட்டி, தொட்டால் சுட்டது. உள்ளே சிங்காரி கால்களைப் பரப்பிக் கிடந்தது, ஈறு செங்கல் நிறமாகியிருந்தது. தினகரனும் அவரும் கோணிகளை ஐஸ் போட்ட தண்ணீரில் நனைத்துப் போர்த்தினார்கள். லாரியில் இருந்த டிரம்மிலிருந்து குழாய் போட்டு, கம்பி வழியாகத் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஊசி போட்டபோது அது பல்லைக்கூடக் காட்டவில்லை. வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கி, தினகரன் நீட்டிய குழாயை நக்கியது.

ஸ்ரீவத்சன் அழைத்தார். வரிக்குதிரைகள் அங்கே கிளம்பத் தயாராக இருக்கின்றன, லாரி உடனே புறப்பட வேண்டும் என்றார்.

“வண்டி திரும்பி வருது சார்,” என்றார் ஜெயசீலி. அவர் குரல் பக்கத்தில் நின்ற ஓட்டுநருக்கே சரியாகக் கேட்கவில்லை. “தடுக்கணும்னா நீங்க இங்க வந்து, இந்தப் பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு, அப்புறம் தடுங்க.”

லாரி திரும்பியது.

மறுநாள் அறக்கட்டளைத் தலைவர் சுந்தரராமன் கூப்பிட்டு விசாரித்தார். மன்னிப்புக் கேட்டால் விஷயத்தை முடித்துவிடலாம் என்றார். நான்தான் கேட்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டுவிட்டு வந்துவிட்டார் ஜெயசீலி. நீக்கிவிடுவார்கள் என்று தேவானந்தம் கவலைப்பட்டார். நீக்கவில்லை. பாதி வழியில் நின்ற லாரியைப் பற்றி வெளியே பேச்சு வந்தால் பூங்காவுக்குத்தான் கேடு என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். வரிக்குதிரைகள் வரவில்லை. அதற்காக அந்தக் கோடை முழுவதும் ஸ்ரீவத்சன் ஜெயசீலியோடு பேசவில்லை.

பொங்கல் கழிந்ததும், ஜெயசீலி முதலில் கேட்டபடியே, வெயில் இல்லாத காலத்தில் சிங்காரியும் மாயனும் சேர்ந்தே அந்த வடக்குப் பூங்காவுக்குக் கிளம்பின. நாற்புறமும் காற்று வரும் பெட்டிகள். ஜெயசீலியும் தினகரனும் கூடவே போனார்கள்.

போய் இறங்கிப் பார்த்தால், அங்கே தயாராக இருந்தது வெறும் சிமெண்டுத் தரை. ஒளிந்து படுக்க ஒரு மறைவு இல்லை. வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் அல்லவா என்றார் அந்தப் பூங்கா அதிகாரி. ஜெயசீலிக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. மறைவு கட்டித் தருவதாகத் தொலைபேசியில் ஒப்புக்கொண்டவர் அவரேதான். மண்ணும் வைக்கோலும் பாறையும் வந்து சேரும்வரை பெட்டியைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டு, லாரியின் பின்கதவை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிகாரி இந்தியில் யார் யாரையோ அழைத்தார். தினகரனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் ஒரு டிராக்டர் மண் கொண்டுவந்து கொட்டியது.