ஓய்ந்துபோனவனுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

மலேசியாவின் கூலாயில் எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலை வாசலில் நிற்கும் மலாய்க் காவலாளி காலையில் வணக்கம் சொல்வதில்லை. "சுடா மக்கான்?" என்றுதான் கேட்பார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். வயிறு காலியாக இருந்தாலும் "சுடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் இதே கேள்விதான். ஆனால் அங்கே பதிலை நம்பமாட்டார்கள், முகத்தைப் பார்ப்பார்கள்.

மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காக, தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்து ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தேன். ஊரில் மனைவி செல்வியும் அதே விரதம். அந்த நேரம் பார்த்து வேலை பெர்மிட் புதுப்பிக்க மெடிக்கல் வந்தது. உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சீன டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார். "யூ ஆர் டெபிலிடேட்டட்" என்றார். பிறகு மலாயில் ஏதோ கேட்டார். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். புரியாததற்கெல்லாம் தலையாட்டிவிடுவது பழக்கம். ஆட்டினேன். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். பஸ்ஸில் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன். காசநோய்க்கு இன்னொரு பெயரோ என்று தோன்றியது.

நான் தொழிற்சாலைக்குத் திரும்புவதற்குள் கிளினிக்கிலிருந்து போன் வந்திருந்தது. இந்த ஊர்த் தமிழரான சூப்பர்வைசர் கமலா அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"அலமாக்! பாஸ் சோறு போடலியான்னு கேட்டதுக்குத் தலையாட்டினியாமே தம்பி?"

"ஐயோ, புரியலக்கா. டெபிலிடேட்டட்னா என்ன வியாதி?"

"வியாதி இல்ல லா. பொறந்ததுலேருந்து நோஞ்சானா இருக்கிறவன அப்படிச் சொல்லமாட்டாங்க. திடமா இருந்தவன ஏதோ ஒன்னு ஓயவெச்சா, அப்பதான் அந்த வார்த்த. காய்ச்சலோ, பசியோ, கவலையோ. எது ஒன்ன ஓயவெச்சதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டிருக்காங்க, நீ பாஸ மாட்டிவிட்டுட்ட. விரதம், முருகன்னு சொல்லியிருக்கலாம்ல?"

நான் சிரிக்கவில்லை.

"டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ மூனு வேளையும் தின்னு. பெர்மிட்ல சாமி வந்து சாப் முத்திர அடிக்காது."

செல்வியிடம் போனில் சொன்னேன். "நீங்க சாப்பிடுங்க. உங்க பங்கையும் சேத்து நான் இருக்கேன்" என்றாள். அவள் அன்றிலிருந்து அந்த ஒருவேளையையும் பாலோடு நிறுத்திக்கொண்டாள் என்று மகள்தான் பிறகு சொன்னாள். நான் தின்றேன். இரண்டாம் பரிசோதனையில் தேறினேன். பெர்மிட் கிடைத்தது.

தைப்பூசத்தன்று கூலாய்க் கோயில் கூட்டத்தில் வெறுங்கையோடு நின்றுகொண்டு, ஊரில் செல்வி பால்குடம் எடுத்ததை வீடியோ காலில் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எது ஓயவைத்தது என்று அவளை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. இங்கே யாரோ அன்னதானத் தட்டை என் கையில் வைத்தார்கள்.

"சாப்டீங்களா?" என்றாள் செல்வி.

"சுடா" என்று வாயில் வந்துவிட்டது.

அவளுக்கு அது புரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.