பெரியப்பா கொடுத்த பச்சைத் தட்டு

ராசிபுரத்தில் என் பெரியப்பாவுக்கு விசைத்தறித் தொழில். பைத்தியம் மட்டும் பழைய தட்டுகள் மேல். விக்டோரியா ராணி காலத்தில் சீமையில் செய்த பரிமாறும் தட்டுகள். மஜோலிகா என்று பெயர். இலை, மீன், சோளக்கதிர் எல்லாம் மேலே புடைத்துக்கொண்டு பச்சையும் பழுப்புமாகப் பளபளக்கும். ஏற்காட்டில் ஏதாவது எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், தறியை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறிவிடுவார். முட்டைகூட நுழையாத அந்த வீட்டில், கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, "தொரைங்க மாட்டுக்கறி வெச்சுத் தின்ன தட்டுங்க இது" என்று வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார். பெரியம்மாவும் பக்கத்தில் நின்று சிரிப்பார்.

அங்கே தங்கித்தான் நான் நான்காம் வகுப்பு படித்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவள் செல்வி. ஒரு சனிக்கிழமை, பெரியவர்கள் வெளியே போன நேரம் பார்த்து அவளைக் கூட்டிவந்தேன். இலை போட்ட பச்சைத் தட்டை எடுத்து, மாம்பழம் நறுக்கி வைத்து இரண்டு பேரும் தின்றோம். விருந்தாளி என்பதால் கொட்டையை அவளுக்குக் கொடுத்தேன்.

அதற்குள் கார் வந்துவிட்டது. பெரியப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"எந்தப் பக்கம் சாமி உங்கூடு?"

"காலனிங்க."

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "புடிச்சிருக்குதா? நீயே எடுத்துட்டுப் போயிரு சாமி, உங்கூட்டுல வெச்சுக்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. என்னைத் துடைக்கக்கூட விடாத தட்டு அது. செல்வி சிரிக்கவில்லை. பழச்சாறு வடிய அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் போனாள். அவள் போனதும் பெரியம்மா அலமாரியையும் கூடத்தையும் மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்தார். வெள்ளிக்கிழமை வேலையை இன்றைக்குச் செய்கிறாரே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். தட்டு கிடைத்த திமிர் என்று நானும் பேசவில்லை. என் பெரியப்பா மாதிரி தாராள மனசு யாருக்கு வரும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன், அவள் காதுபடவே. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

துரை தின்ற தட்டு அலமாரியில் இருக்கலாம், செல்வி தின்றது இருக்கக்கூடாது என்பது எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அவளுக்கும் ஒன்பது வயதுதான். வாசற்படி இறங்குவதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது.