இடக்கைக்குப் போன தண்டம்

கோடைக்கானலில் துவைத்துப் போட்ட பாவாடை காய்வதற்கு இரண்டு நாள் ஆகும். அப்படிப்பட்ட ஊரில் துணிக்குச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார் எங்கள் முதலாளியம்மா; அவரை அம்மா என்றே கூப்பிடுவோம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அவர் காதில் விழாமல்.

அம்மா முன்பு மிஷன் தையல் கூடத்தில் வேலை பார்த்தவர். அங்கே இருந்த வெள்ளைக்காரி ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது பட்டு இழுத்துக் கட்டிய இரண்டு மரச்சட்டங்களையும், ரப்பர் பட்டை பதித்த ஓர் இழுப்புக் கட்டையையும், பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தையும் அம்மாவிடம் விட்டுப்போனாளாம். அதை வைத்துத்தான் கடைத்தெருவுக்குக் கீழே, சரிவில், தகரக்கூரை வீடு ஒன்றில் பட்டறை தொடங்கினார். சீசனில் பூப்போட்ட கைக்குட்டையும் மேசைவிரிப்பும். மற்ற மாதங்களில் பழனிக் கடைகளுக்கு ஆண்டவர் படம் போட்ட மஞ்சள் துண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்கிக்கொண்டேன்.

ஸ்கிரீன் அச்சு என்பது பெரிய வித்தை இல்லை. சட்டத்தில் மெல்லிய பட்டுத்துணியை முரசுத் தோல் மாதிரி விறைப்பாகக் கட்டவேண்டும். அரக்குப் பூசிய தாளில் உருவத்தை வெட்டி எடுத்து, அந்தத் தாளைப் பட்டின் அடியில் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டவேண்டும். சட்டத்தைத் துணிமேல் வைத்துச் சாயக் குழம்பை ஊற்றி ரப்பர் கட்டையால் ஓர் இழுப்பு. தாள் மறைத்த இடத்தில் சாயம் இறங்காது, வெட்டிய இடத்தில் பட்டின் கண் வழியாக இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். அவ்வளவுதான் சங்கதி.

பட்டு எதற்கு, தாளே போதாதா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். அம்மா என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய், கிளாவரை மலைக்கிராமத்திலிருந்து கோவேறு கழுதையில் வந்து இறங்கிய மூட்டைகளைக் காட்டினார். தகரத்தில் எழுத்து வெட்டி, அதை மூட்டைமேல் வைத்துக் கரிமை தடவியிருந்தார்கள். 'பூண்டு' என்ற எழுத்து எலும்பு முறிந்து கட்டுப் போட்டது போல ஆங்காங்கே விட்டுவிட்டு இருந்தது. "சுழியை முழுசா வெட்டுனா நடுவுல இருக்க தகரம் கீழ விழுந்துரும்ல? அதுக்குத்தான் பாலம் விட்டுருக்கான். பட்டு இருந்தா பாலம் வேண்டாம். நடுத்துண்டைப் பட்டே தாங்கிக்கிடும்" என்றார்.

இந்த நடுத்துண்டுச் சிக்கல்தான் இந்தத் தொழிலின் கதையே என்று பழுப்புப் புத்தகம் சொன்னதாம். ஜப்பான்காரர்கள் துணிக்குச் சாயமிட வெட்டிய தாள்களில், விழுந்துவிடக்கூடிய துண்டுகளைத் தலைமுடியால் இழுத்துக் கட்டினார்களாம். முடிக்குப் பதில் பட்டுநூல் வந்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான், மாவு மில்லில் சலிக்கிற பட்டுச் சல்லடையையே சட்டத்தில் அடித்துவிட்டான். மேல்நாட்டில் கடை விளம்பரமும் கொடியும் அதில் அடித்தார்கள். வெயிலில் வைத்துப் போட்டோ போலவே உருவத்தை ஸ்கிரீனில் ஏற்றும் முறைகூட வந்துவிட்டது என்பார் அம்மா. அதை நாங்கள் ஒரு தடவை முயன்று பார்த்தோம். சட்டத்தை முற்றத்தில் வைத்த நேரம் பார்த்து மேகம் இறங்கியது. அன்றோடு அதை விட்டுவிட்டோம்.

எனக்கு இந்த வேலை சீக்கிரம் கைவந்ததற்கு அப்பா ஒரு காரணம். அவர் பழனி அடிவாரத்தில் துணிக்கு முத்திரை போடும் மரக்கட்டை செதுக்கியவர். அச்சுக்கட்டையில் எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆண்டவர் வலது கையில் தண்டம் பிடித்து, இடது கையை இடுப்பில் வைத்திருப்பார். கட்டையில் அதை இடமும் வலமும் மாற்றிச் செதுக்கினால்தான் துணியில் சரியாக விழும். நானும் அக்காவும் சிலேட்டில் எழுதப் பழகிய வயதிலேயே அந்த மாற்று உருவத்தையும் வரைந்து பழகியவர்கள். அப்பா போனபின் கட்டைகள் அடுப்புக்குப் போயின.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் பட்டறையில் சேர்ந்த நாலாம் வருஷம் அவள் புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டான். அக்கா ஒரு தகரப் பெட்டியோடு பாலசமுத்திரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி ஆறு மாதம் பொறுத்தாள். பிறகு தன் அம்மா வந்து இருக்கப்போவதாகவும் வீட்டில் இடம் இல்லை என்றும் சொன்னாள். அண்ணன் அக்காவை வத்தலக்குண்டு வழியாகக் கோடை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவளை நேரே அம்மாவிடம் கூட்டிப்போனேன். அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"பங்குனி உத்திரத்துக்கு நூத்தியிருவது துண்டு ஆர்டர் இருக்கு. அந்தத் தாளை இவளே வெட்டட்டும். கை எப்படின்னு பாக்கேன். சரிப்பட்டா இருக்கட்டும். இல்லேன்னா ஊருக்கு அனுப்பிருத்தா. ரெண்டு பேருக்குச் சும்மா சோறு போட எனக்கு வக்கில்லை."

அக்கா தலையாட்டினாள். அனுப்புவதற்கு அவளுக்கு ஓர் ஊர் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சொல்லாதே என்று அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இரண்டு நாள் கழித்து, அம்மா ஒரு கல்யாணத்துக்காக வத்தலக்குண்டுக்கு இறங்கினார். மறுநாள் மதியம் அவர் வரும்போது துண்டுகள் தயாராக இருக்கவேண்டும், பழனிக் கடை ஆள் அவரோடே வந்து எடுத்துக்கொண்டு போவான். அம்மா தலை மறைந்ததும் அக்கா கத்தியைக் கையில் எடுத்தாள். தாளில் வைப்பதும் வெட்டாமல் எடுப்பதுமாக இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியைப் பிடுங்கி நானே உட்கார்ந்து வெட்டினேன். அவளுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. என்னைப் போல யாருக்கும் வராது என்ற திமிர் மீதி.

ஆண்டவர் உருவத்தை நான் அதுவரை ஸ்கிரீனுக்கு வெட்டியதில்லை. பழைய தாளை அம்மாவே வெட்டியிருந்தார், அது கிழிந்து போயிருந்தது. பூவும் இலையும் எப்படி வெட்டினாலும் பூவும் இலையும்தான். ஆண்டவரை வெட்ட உட்கார்ந்ததும் என் கை யோசிக்கவே இல்லை. அப்பாவின் பட்டறைக்குப் போய்விட்டது.

தாளை ஒட்டி முடித்ததும் அக்கா சட்டத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏண்டி, தண்டம் எடது கையில இருக்கே?"

"அச்சுல திரும்பிக்கிடும்க்கா. அப்பா கட்டையெல்லாம் மறந்துபோச்சா உனக்கு?"

"இதுவும் அப்படித்தானா?"

"நாலு வருசமா இந்தச் சோலிதான பாக்கேன்? நீ பேசாம இழு."

முதல் துண்டை அவள் இழுப்பதைப் பார்க்கக்கூட நான் நிற்கவில்லை. குளிரில் குழம்பு கெட்டியாகிறதென்று சீமெண்ணெயைக் கூடுதலாகவே ஊற்றி இளக்கியிருந்தேன், டின் காலி. சட்டம் கழுவச் சீமெண்ணெய் வேண்டும். டின்னைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்தினேன்: "இடையில நிறுத்திராதக்கா. நிறுத்துனா பட்டுல சாயம் காஞ்சு கண்ணு அடைச்சிரும். சட்டமே போயிரும். நான் வர்ற வரைக்கும் இழுத்துக்கிட்டே இரு."

கடையில் சீமெண்ணெய்க்கு வரிசை. நான் திரும்பி வரும்போது பட்டறை முழுக்கக் கொடிகளில் மஞ்சள் துண்டுகள். நூற்றியிருபதும் முடிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஆண்டவர் இடது கையில் தண்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரக்கட்டை மாதிரி ஸ்கிரீன் உருவத்தைத் திருப்பாது, மேலே தெரிகிறபடியே துணியில் இறக்கும். பழனியில் பிறந்த கைக்குழந்தைகூட அதைப் பார்த்தால் அழும்.

"திரும்பலைன்னு முதத் துண்டுலயே தெரிஞ்சிருக்கும்ல? ஏன் நிறுத்தல?" என்று கத்தினேன்.

"நீதான நிறுத்தாதேன்ன. சட்டம் போயிரும்ன்ன" என்றாள் அக்கா. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது.

கடைக்காரர் அளந்து அனுப்பிய துணி, வேறு துணி இல்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது. எனக்காக இல்லை. அவளை மறுபடி அந்தத் தகரப் பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றிவிடும் காட்சிதான் கண்ணில் நின்றது.

அக்கா கொடியில் கிடந்த துண்டுகளுக்கு நடுவே போய் நின்றாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"இந்தப் பக்கம் வந்து பாரு."

துண்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். மல் துணி, மெல்லிசு. நான் அளவுக்கு மீறி இளக்கிய குழம்பு. மேலே மலையில் மேகம் இறங்கிய நாள், சாயம் சட்டென்று காயாமல் நிதானமாகத் துணிக்குள் ஊறி மறுபக்கம் வந்திருந்தது. கீழ்நாட்டு வெயிலாக இருந்தால் மேலேயே காய்ந்து நின்றிருக்கும். பின்பக்கத்தில் ஆண்டவர் வலது கையில் தண்டத்தோடு சரியாக நின்றார். நிறம் மட்டும் ஒரு பங்கு குறைவு.

"ரெண்டு முனையும் இன்னும் மடிச்சு அடிக்கலைல்ல? இந்தப் பக்கத்தை மேல வச்சு மடிச்சுத் தைச்சா இதுதான் முன்பக்கம்" என்றாள்.

சாயங்காலம் வரை கரியடுப்பில் வாட்டிக் காயவைத்துவிட்டு அவள் தையல் மிஷினில் உட்கார்ந்தாள், நான் மடித்துக் கொடுத்தேன். மறுநாள் வெள்ளனே எழுந்து மீதியை முடித்து, இஸ்திரி போட்டு அடுக்கினோம்.

அம்மா வந்தார். கடை ஆள் ஒரு துண்டை விரித்துப் பார்த்து, "இந்தத் தடவை சாயம் கண்ணை உறுத்தலைங்க, நல்லா இருக்கு" என்று சொல்லிக் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் மூச்சு விட்டேன். அம்மா விடவில்லை. மாதிரிக்கு வைத்த துண்டை ஜன்னலருகே கொண்டுபோய், முன்னும் பின்னும் புரட்டி, விரலால் தேய்த்தார்.

"அழுத்தமான பக்கம் உள்ள கெடக்கு. தாளைத் திருப்பி வெட்டிருக்கீக. வெட்டுனது யாரு?"

"நான்தாம்மா" என்றாள் அக்கா.

நான் குனிந்து கொடிக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"துணியைத் திருப்பித் தைக்கலாம்னு யோசனை சொன்னது?"

"தங்கச்சிதாங்க."

இரண்டையும் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! என் தப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, தன் புத்தியை எனக்குக் கொடுத்துவிட்டாள். அம்மா துண்டை மடித்தார். "உன் தங்கச்சி இல்லேன்னா என் பேரு பழனியில நாறியிருக்கும். உனக்கு இந்த வேலை சரிப்படாதுத்தா. நாளைக்குக் காலைல பஸ் இருக்கு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அக்கா சரியென்று தலையாட்டிவிட்டு, பெட்டி இருந்த அறைப் பக்கம் திரும்பினாள்.

அந்தத் திரும்பலைப் பார்த்த பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. அதுவரை வரவில்லை என்பதை இன்றைக்கும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

"அம்மா, வெட்டுனது நானு. அவ கையிலருந்து கத்தியைப் பிடுங்கி வெட்டுனேன். தப்பாருக்குன்னு அவ சொன்னா, நான்தான் கேக்கல. திருப்பித் தைக்கச் சொன்னதும் அவதான்."

அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அரக்குத் தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். கத்தியை அக்காவிடம் நீட்டினார்.

"என் கண்ணு முன்னால வெட்டு."

அக்கா உட்கார்ந்தாள். ஆரம்பத்தில் கத்தியை வைத்து வைத்து எடுத்தாள். தலை முடிந்து தோளுக்கு வரும்போது கை ஓடத் தொடங்கிவிட்டது. தண்டத்துக்கு வந்ததும் கத்தியை எடுத்துவிட்டு, தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, பிறகு வெட்டினாள். அம்மா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எனக்கு அது சுருக்கென்று தைத்ததையும் மறைக்க விரும்பவில்லை.

"நாளையிலருந்து கத்தி இவ கையில. நீ சட்டம் கழுவு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா காப்பி போடப் போனார்.

நான் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துத் தொட்டிக்குப் போனேன். அக்கா பின்னாலேயே வந்தாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"உன்னை யாருடி கேட்டா? நாலு வருசமாப் பாத்த வேலையை ஒரு நிமிசத்துல கெடுத்துக்கிட்டியே. நான் பாட்டுக்கு வெரசா பஸ் ஏறிப் போயிருப்பேன்ல?"

"எங்க போயிருப்பே?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறந்தாள். பாலசமுத்திரம் என்று சொல்லவில்லை. புருஷன் ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கோடைக்கானலுக்கு வந்தபிறகு முதல் தடவையாக அழுதாள்.