பாதிப் பேர்கூட வராத கூட்டம்

ஆலங்குடியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறேன். எங்கள் வியாபாரிகள் சங்கத்தில், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று தெருவுக்கு ஒருவரைச் செயற்குழுவில் போடுவார்கள். நானும் அப்படித்தான் உறுப்பினரானேன். பேனரில் படம் வந்ததோடு சரி.

சங்கக் கொட்டகையின் தூண் ஒன்று விரிசல் விட்டிருந்தது. இடித்துக் கட்டச் செயற்குழுவின் தீர்மானம் வேண்டும். செயலாளர் போன் செய்தார்.

“பாதிப் பேராவது வந்தாத்தான் தீர்மானம் போட முடியும். வந்துட்டுப் போங்கண்ணே.”

“லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன். நீங்க எடுக்கிறதுதான் முடிவு” என்றேன்.

மற்றவர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் தள்ளிப்போனது. அடுத்ததும் அப்படியே. ஐப்பசி மழையில் கொட்டகை சரிந்து, உள்ளே கூலிக்குத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த செல்வராசு இறந்துபோனார்.

இரங்கல் கூட்டத்துக்குச் செயற்குழு மொத்தமும் வந்தது. நாற்காலி போதாமல் சிலர் நின்றோம். செல்வராசுவின் மனைவி எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

“சங்கத்துல இம்புட்டுப் பேரு இருக்கீங்களா?”

இப்போது கூட்டம் என்றால் மண்டியைப் பூட்டிவிட்டு முதல் ஆளாகப் போகிறேன். வர முடியவில்லை என்று யாராவது போனில் சொன்னால், அந்த அம்மா கேட்டதை அப்படியே சொல்கிறேன். வந்துவிடுகிறார்கள்.