விட்டுவிட்டார்களாம்

சத்தியவேடு பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பிரஸ் மெஷினுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எங்கள் லைன் லீடரோ காலையில் வந்ததும் ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிவிடுவார். அப்போதுதான் ஒரு கை சும்மா இருக்கும், டார்கெட் சீக்கிரம் முடியும். பாதுகாப்பு ஆடிட் வந்தால் டேப்பைப் பிய்த்துவிடுவார். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

நகரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணுக்கு அந்த மெஷினில் விரல் நுனி போயிற்று.

விசாரணைக்கு வந்த மேனேஜர் வடக்கத்திக்காரர். அவருடைய இங்கிலீஷைத் தமிழில் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை என்றாலே வேலை போய்விடும் என்று யாரோ அவளைப் பயமுறுத்தியிருந்தார்கள். கையில் கட்டோடு வந்து நின்றாள்.

"டேப் ஒட்டாதன்னு சொல்லிக்கினேதான் கீறேன் சார். இந்தப் பொண்ணு கேட்டாத்தானே?" என்றார் லைன் லீடர்.

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அதை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒட்டியது இவர்தான் என்று மேனேஜரிடம் பட்டென்று சொல்லிவிட்டேன். அவர் அவளையே கேட்கச் சொன்னார்.

அவள் லீடர் முகத்தைப் பார்த்தாள். "நான்தான் சார் ஒட்னேன். வேலைய மட்டும் எட்த்துடாதீங்க. நைனா படுத்த படுக்கையா கீறாரு."

அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு பெரிய மனது பண்ணிச் சிரித்து, "ஓகே, யூ ஆர் ஆஃப் தி ஹுக்" என்றார்.

"இன்னாக்கா சொல்றாரு?"

தூண்டில் முள்ளிலிருந்து கழற்றிவிடுவதைச் சொல்கிற பேச்சு அது. தப்புச் செய்து மாட்டிக்கொண்டவரை, போனால் போகட்டும் என்று விடும்போது சொல்வார்கள். விரலைக் கொடுத்தவளிடம் போய் இதைச் சொல்கிறாரே!

"உன்ன உட்டுட்டாங்களாம். வேலை போவாதாம்" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மேனேஜரை விட்டு லீடர் பக்கம் திரும்பிக் கும்பிடப் பார்த்தாள். கட்டுப் போட்ட கை சரியாகச் சேரவில்லை.

"நீ நல்லா இருக்கணும்ண்ணா" என்றாள்.

"சரி சரி, இனிமேலாச்சும் சொல் பேச்சு கேளு" என்றார் அவர்.