எறங்கு சாமி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிப்பை முடித்ததும், நாமக்கல் பக்கம் ஒரு பங்குக் கோயில் நடத்தும் ஊர் முன்னேற்ற வேலையில் சேர்ந்தேன். காலனிப் பெண்களின் கூட்டத்தை ஃபாதர் ஜெபம் சொல்லித் தொடங்குவார். மாரியம்மனைக் கும்பிடும் அக்காமார்களும் கூடவே கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஒரு கூட்டத்தில் ஃபாதர், தோட்டத்துக்காரர்களை இனி யாரும் ‘சாமி’ என்று கூப்பிடக் கூடாது என்றார். எங்கள் பக்கம் பெற்ற பிள்ளையையும் சாமி என்றுதான் கொஞ்சுவோம். ஆனால் காலனிக்காரர்கள் தோட்டத்துக்காரரைக் கூப்பிடும் சாமி வேறு. அது குனிந்துகொண்டே வரும். என் அப்பா அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவன் நான். பலமாகத் தலையாட்டினேன்.

“அப்பறம் எப்படிங்க கூப்புடறது?” என்றார் குழுத் தலைவி அக்கா.

“ஏனுங்கன்னு சொல்லுங்க. என்னையும் சாமின்னு கூப்பிட வேண்டாம். ஃபாதர் போதும்.”

“ஃபாதர்னா அப்பன் தானுங்களே. என்ற பையன் வயசுதான இருக்கும் உங்குளுக்கு?”

ஃபாதரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வாரமே அதற்கு வேலை வந்தது. காலனிக்குக் குடிதண்ணீர்க் குழாய் ஒரு தோட்டத்துக்காரரின் குச்சிக்கிழங்குக் காட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பெண்கள் எப்போதும்போல் குடத்தோடு மெயின்ரோட்டைத் தாண்டிப் போக வேண்டியதுதான். அக்காவும் இன்னொரு பெண்ணும் நானும் கேட்கப் போனோம்.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, டிராக்டர் மேல் உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க,” என்றார் அக்கா. அவர் திரும்பவில்லை. கொஞ்சம் பொறுத்து, “ஏனுங்க.” ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது.

“பழையபடியே கூப்புட்டுரு அக்கா. நமக்குத் தண்ணி வேணும்,” என்று கூட வந்த பெண் கிசுகிசுத்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் தோட்டத்துக்காரரின் பேரன் பின்பக்கமாக மட்கார்டு மேல் ஏறி நின்றுவிட்டான்.

“எறங்கு சாமி, உழுந்துருவே,” என்றார் அக்கா.

தோட்டத்துக்காரர் இறங்கிவிட்டார்.

“உங்களச் சொல்லலீங்க. பையனச் சொன்னனுங்க.” அக்கா கையை நீட்ட, பையன் தாவி அவர் இடுப்பில் உட்கார்ந்துகொண்டான்.

மறுபடி ஏறவும் முடியாமல் அவர் கையைத் துடைத்தார். “அப்ப ஏனுங்கன்னது என்னையத்தானா? எங்கூட்டுக்காரி கூப்புடறான்னு நெனச்சுச் சும்மா இருந்தேன்.”

“அவுங்க கூப்புட்டாத் திரும்ப மாட்டீங்களாக்கும்?”

கூட வந்த பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா குழாய்ப் பேச்சை எடுத்தார், இடுப்பில் பையனோடு, நின்ற நிலையிலேயே. தோட்டத்துக்காரர் காட்டைப் பார்த்து யோசித்தார்.

“கெழங்கு புடுங்குனதும் வேலியோரமாப் போட்டுக்குங்க.”

தண்ணீர் வந்த அன்று அக்கா முதல் சொம்பைப் பிடித்து, “இந்தாங்க ஃபாதர்,” என்று பதவிசாகக் கொடுத்தார். அடுத்த சொம்பு எனக்கு.

“புடி சாமி.”

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன்.